நமக்கென்று ஒரு துக்கம்

கூலிக்கு மாரடிக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆபீசில் மனசில்லாமல் வேலை பார்க்கிறவனைச் சொல்கிறார்கள். பாடம் நடத்தாமல் பொழுதைக் கழிக்கிற வாத்தியார்களையும் சொல்கிறார்கள். யாருடைய மாரு, யார் கொடுத்த கூலி என்று சொல்கிறவர்கள் யோசிப்பதில்லை. அது எங்க அப்பத்தா மாருதான். சிவகங்கைப் பக்கம் எங்க ஊர். மேலத்தெருவில் சாவு விழுந்தால், கேதம் சொல்லப் பத்து மைல், பதினைந்து மைல் வெறுங்காலோடு நடந்து போனது எங்க தாத்தா. பறையடித்தது அவரோட பங்காளிகள். பாடை கட்டவும் குழி வெட்டவும் எங்க தெரு ஆம்பளைகள். மாரடித்து ஒப்பாரி வைக்க எங்க தெருப் பொம்பளைகள். வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது, தெருவில் நின்றுதான் அழணும். அதற்குக் கூலி நெல்லு. சில வீட்டில் ஒரு பழைய சீலை.

அப்பத்தா சொன்ன ஒன்றை நான் இதுவரை எழுதியதில்லை. எங்க அப்பாவுக்கு முன்னால் அவளுக்கு ஒரு பொம்பளைப் பிள்ளை. மூணு வயசு. காய்ச்சலில் விடியக்காலம் போய்விட்டது. புதைத்துவிட்டு வந்து திண்ணையில் உட்காரவில்லை, பெரிய வீட்டுக் கிழவி செத்துப் போச்சு, எல்லாரும் வாங்க என்று ஆள் வந்துவிட்டது. போகாமல் இருக்க முடியுமா? போனாள். அன்றைக்கு அவள் வைத்த ஒப்பாரியைக் கேட்டு அந்த வீட்டுப் பொம்பளைகளே வாயடைத்து நின்றார்களாம். "இந்தச் சிறுக்கி என்னமா அழுகுறா" என்று சொல்லிக் கூட ஒரு மரக்கால் நெல் அளக்கச் சொன்னார்களாம். இதைச் சொல்லிவிட்டு அப்பத்தா சிரிப்பாள். "அந்தக் கிழவிக்கு யாருடா அழுதா? நான் எம்புள்ளைக்குல்ல அழுதேன். வீட்டுல உக்காந்து அழுதிருந்தா ஒத்த நெல்லு கிடைச்சிருக்குமா?"

சின்னப் பையனாகக் கேட்டபோது நானும் சிரித்தேன். அந்தப் பெரிய வீட்டுக்காரர்களை அப்பத்தா ஏமாற்றிவிட்டாள் என்று எனக்குப் பெருமை. 2021 மே மாதத்துக்குப் பிறகு சிரிக்க முடியவில்லை. தன் பிள்ளைக்காக அழுவதற்கு ஒரு பகல்கூட அவளுக்குச் சொந்தமாக இருந்ததில்லை என்பதுதான் அந்தக் கதை. நாம் நம்ம துக்கத்தை அடுத்தவன் துக்கத்துக்குள் ஒளித்துவைத்து அழுதவர்கள். நாம் துக்கப்படுகிறோம், பயப்படுகிறோம், மனசு உடைந்து கிடக்கிறோம் என்று நம் பேரிலேயே சொல்லிக்கொள்ள இன்றைக்காவது நமக்கு இடம் இருக்கிறதா? இதுதான் என் கேள்வி. இயக்கத் தோழர்கள் சிலருக்குக் கோபம் வரலாம். வரட்டும்.

என் தம்பி நகராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். கொரோனாவின் இரண்டாவது அலையில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தபோது தள்ளுவண்டியோடு தெருத்தெருவாகப் போனவன். நோயாளி வீட்டுக் குப்பையும் அதே வண்டியில்தான். கையுறை கிழிந்துவிட்டது என்று கேட்டால் இன்னும் வரவில்லை என்பார்கள். காய்ச்சல் வந்தது. பிறகு மூச்சு. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. பத்தாம் நாள் பாலித்தீனில் சுற்றிக் கொடுத்தார்கள். சுடுகாட்டில் நாலு பேர் நின்றோம். முகம் பார்க்கவில்லை. பறை இல்லை. அம்மாவை வீட்டை விட்டு வெளியே விடவில்லை, அதனால் ஒப்பாரியும் இல்லை. ஊருக்கெல்லாம் கேதம் சொல்ல நடந்த பரம்பரையில் வந்தவன், எங்க வீட்டுக் கேதத்தை வாட்ஸ்அப்பில் சொன்னேன். கை கூப்பிய படங்கள் வந்தன. அவ்வளவுதான்.

அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் போனது. சரியாக விடியக்காலம் மூணு மணிக்கு முழிப்பு வரும். நெஞ்சில் அம்மிக்கல்லை வைத்த மாதிரி இருக்கும். பள்ளிக்கூடம் திறந்தபின் கரும்பலகையில் பாதி எழுதிவிட்டு மீதி என்ன என்று தெரியாமல் நிற்பேன். குளிக்கத் தோன்றாது. குப்பை வண்டியின் விசில் சத்தம் கேட்டால் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். முப்பது வருசம் மேடையில் பேசியவன் நான். மைக்கைப் பிடித்தால் இறங்கமாட்டேன் என்று தோழர்கள் கேலி செய்வார்கள். அந்தக் காலத்தில் ஒருத்தரோடு போனில் பேசுவதற்கே பயந்தேன்.

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அம்மா கோடாங்கியிடம் போகலாம் என்றாள். பங்காளி ஒருத்தன் ஒரு குவார்ட்டர் போட்டுவிட்டுப் படுண்ணே என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அழுவதற்கு அனுமதி இல்லாத நம்ம ஆம்பளைகள் குடித்துவிட்டு அழுகிறார்கள், மறுநாள் அது போதையில் அழுதது என்று கணக்காகிவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் ஒரு சக ஆசிரியர், "ஒங்களுக்கென்ன சார் கவலை, கவர்மென்ட் சம்பளம்" என்றார். சம்பளம் வாங்குகிற தலித்துக்கு மனசு இருக்காது என்பது அவர் நம்பிக்கை. இவர்களை விட என்னை அதிகம் உடைத்தவர் என் தோழர். ரொம்ப நல்ல மனுசன், எனக்காக ஜெயிலுக்குக்கூடப் போவார். அவர் சொன்னார்: "தோழர், நம்மளே இப்படி உக்காந்துட்டா எப்படி? இது அரசு செய்த கொலை. வெளிய வாங்க, ஒரு கண்டனக் கூட்டம் போடுவோம். போராட்டந்தான் மருந்து."

அரசு செய்த கொலை என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அந்த வாக்கியத்துக்குள் என்னால் முழுசாக உட்கார முடியவில்லை. ஏனென்றால் அந்த வேலையைத் தம்பிக்கு வாங்கிக் கொடுத்தது நான். கவுன்சிலர் வீட்டு வாசலில் இரண்டு நாள் நின்று கேட்டு வாங்கினேன். அவன் கொத்தனாருக்குக் கையாளாகப் போய்க்கொண்டிருந்தான். "அண்ணே, குப்பை அள்ளவா?" என்று கேட்டான். "நாளைக்கு நிரந்தரமாக்குவாங்கடா, போ" என்றேன். துப்புரவு வேலையைச் சாதியின் தலையில் கட்டாதே என்று மேடையில் பேசிய அதே வாயால்தான் சொன்னேன். நான் படித்து வாத்தியார் ஆனேன், அவன் எட்டாவதோடு நின்றான். ரெண்டு பேரில் ஒருத்தனைத்தான் படிக்கவைக்க முடியும் என்று அப்பா முடிவு செய்தார். இத்தனையும் விடியக்காலம் மூணு மணிக்கு வந்து வரிசையாக நிற்கும். இதைக் கண்டனக் கூட்டத்தில் எப்படிச் சொல்வது? முழக்கத்தில் இதற்கு எங்கே இடம்?

வெளியே சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஊர்க்காரன் நம்மை ஏற்கனவே ஆயிரம் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறான். அதோடு 'மெண்டல்' என்பதையும் நாமே எடுத்துக் கொடுப்பதா என்ற பயம் ஒன்று. இன்னொன்று நாமே உண்டாக்கியது. குனிந்து கிடந்த சனத்தை நிமிர்த்துவதற்காக ஒரு உருவத்தை வரைந்தோம். இறுகிய முட்டி, சிவந்த கண், அஞ்சாத நெஞ்சு. அது தேவையாகத்தான் இருந்தது, அது இல்லாமல் நான் இல்லை. ஆனால் அந்த உருவத்துக்கு இரவு கிடையாது. அது தூங்காமல் புரள்வதில்லை.

1997 ஜூன் 30 அன்று மேலவளவில் பேருந்தை மறித்து ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். ஒவ்வொரு வருசமும் அந்த நாளில் வீரவணக்கம் செலுத்துகிறோம். நானும் போயிருக்கிறேன், உரத்துக் கத்தியிருக்கிறேன். அந்தப் பேருந்தில் இருந்து உயிரோடு மீண்டவர்கள் இன்றைக்கு ஒரு பேருந்து திடீரென்று நின்றால் எப்படி உட்கார்ந்திருப்பார்கள் என்று ஒரு தடவைகூட நான் யோசித்ததில்லை. செத்தவர்களுக்கு மண்டபம் கட்டத் தெரிந்த எனக்கு, மீந்தவர்களிடம் தூங்குகிறீர்களா என்று கேட்கத் தெரியவில்லை.

நம்ம ஊர்களில் அண்ணலின் சிலையைக் கம்பிக் கூண்டுக்குள் நிறுத்தியிருக்கிறார்கள். நீலக் கோட்டு, நீட்டிய விரல். அந்தச் சிலை அழாது. ஆனால் அந்த மனுசன் அழுதார். அழுததை எழுதியும் வைத்தார். அவர் கையால் எழுதிவைத்த 'வெயிட்டிங் ஃபார் எ விசா' 1990-ல் சிறு நூலாக வந்தது. வாசித்திருப்பீர்கள். நானும் பலமுறை வாசித்து, கூட்டங்களில் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். ஆனால் தம்பி செத்த பிறகுதான் அந்தப் பரோடாப் பகுதியைச் சரியாக வாசித்தேன். வெளிநாட்டில் படித்துவிட்டு வேலையில் சேரப் போகிறார். தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயரைச் சொல்லித் தங்குகிறார். பதினோராவது நாள் தடிக்கம்புகளோடு ஒரு டஜன் பேர் வந்து சூழ்ந்துகொண்டார்கள். சாயங்காலத்துக்குள் காலி செய்யச் சொன்னார்கள். ஒரு இந்து நண்பரிடமும் ஒரு கிறித்தவ நண்பரிடமும் கேட்டுப் பார்க்கிறார். ரெண்டு பேரும் நயமாகக் கைவிரித்துவிடுகிறார்கள். பம்பாய் ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஒரு பொதுப் பூங்காவில் போய் உட்காருகிறார். அங்கே உட்கார்ந்து பழிவாங்கத் திட்டம் போட்டார் என்று அவர் எழுதவில்லை. மனசு பாதி வெறுமையாகக் கிடந்தது, அம்மா அப்பாவை நினைத்துக்கொண்டேன், திக்கற்ற பிள்ளைகள் நினைப்பதைப் போல, என்கிற பொருளில் எழுதுகிறார். அந்த ஆட்கள் முன்னால் பயந்துபோய்க் கெஞ்சி நின்றதை மறைக்கவில்லை. பதினெட்டு வருசம் கழித்தும் அதை நினைத்தால் கண்ணீர் வருகிறது என்கிறார்.

இதை எழுதியபோது அவர் வேலை தேடி அலைகிற இளைஞர் இல்லை. மகாடு முடிந்துவிட்டது, வட்டமேசை மாநாடுகள் முடிந்துவிட்டன. நாடறிந்த தலைவர். அந்த இடத்தில் நின்றுகொண்டு நான் பயந்தேன், அழுதேன், இன்னும் அழுகிறேன் என்று எழுதுகிறார். பெற்ற ஐந்து பிள்ளைகளில் நாலைப் பறிகொடுத்தவர். 1935 மே 27-ல் ரமாபாயும் போனார். அதே வருசம் அக்டோபரில்தான் இயோலாவில் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தார். அந்த ஐந்து மாதமும் இந்த மனுசனின் இரவுகள் எப்படி இருந்திருக்கும் என்று நம் மேடைகளில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. நானும் பேசினதில்லை.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றிப் பேசியாக வேண்டும். இப்போது மனநலம் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் 'ஏற்றுக்கொள்ளுங்கள்' என்கிறார்கள். உணர்ச்சியை ஏற்றுக்கொள், துக்கத்தை ஏற்றுக்கொள். என் மகளும் கைப்பேசியில் இப்படி ஒரு பேச்சைக் காட்டினாள். கேட்டதும் எனக்கு எரிச்சலாக வந்தது. இந்தச் சொல்லை நமக்கு ரெண்டாயிரம் வருசமாகச் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறார்கள்? தலையெழுத்தை ஏத்துக்கோ, முன்ஜென்ம வினையை ஏத்துக்கோ, போட்டதைத் தின்னு, நின்ன இடத்துல நில்லு. ஏற்றுக்கொள்ள மாட்டேன் என்று சொன்ன நாளில் இருந்துதானே நாம் மனுசர்கள் ஆனோம்.

அண்ணலும் இதே இடத்தில்தான் புத்தரோடு மல்லுக்கு நின்றிருக்கிறார். அவர் காலமான பிறகு 1957-ல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலின் முன்னுரையில் நாலு உண்மைகளைப் பற்றிச் சந்தேகம் எழுப்புகிறார். பிறப்பு துக்கம், சாவு துக்கம், மறுபிறப்பு துக்கம் என்றால் மனுசனுக்கு நம்பிக்கையே இல்லையே, இது புத்தர் சொன்னதா அல்லது பின்னால் வந்த பிக்குகள் சேர்த்ததா என்று கேட்கிறார். துக்கம்தான் வாழ்க்கையின் இயல்பு என்று அவரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதே நூலின் உள்ளே, துக்கம் இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்வதும் அதைப் போக்க வழி காட்டுவதும்தான் தம்மத்தின் அடித்தளம் என்று சொல்கிறார். மனுசன் மனுசனுக்குச் செய்கிற அநீதியால் வருகிற துக்கத்தைப் பற்றியும் பேசுகிறார்.

நான் இதை இப்படிப் புரிந்துகொள்கிறேன். ஏற்றுக்கொள்கிறது வேறு, ஒத்துக்கொள்கிறது வேறு. தம்பி செத்ததை விதி என்று நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். ஆனால் நான் உடைந்து கிடக்கிறேன் என்பதை ஒத்துக்கொள்வேன். ரெண்டும் ஒன்றுதான் என்று நினைத்துத்தான் நாம் ரெண்டையும் சேர்த்து மறுத்துவிட்டோம். ஒருவனை அடித்தவன் யார் என்று கேட்பதும் அவனுக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்பதும் வேறு வேறு கேள்விகள். கம்பால் அடித்துக் கை முறிந்தால் போலீசில் கேசும் கொடுக்கணும், மாவுக்கட்டும் போடணும். கேஸ் நடக்கிறது, அதனால் கட்டு வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா? மனசு விசயத்தில் சொல்கிறோம்.

மறுபக்கத்து ஆபத்தும் எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் மாத்திரையில் முடித்துவிட்டுச் சாதியை மறந்துபோகச் செய்கிற மருத்துவமும் உண்டு. கையுறை கேட்டவனுக்குக் கவுன்சலிங் கொடுப்பார்கள். ஃப்ரான்ஸ் ஃபனான் இந்த விசயத்தில் நமக்கு உதவுவார். நம்ம பத்திரிகைகளில் அவர் பேர் அடிபட்ட அளவுக்கு அவர் பார்த்த வேலை பேசப்படவில்லை. அல்ஜீரியாவில் பிளிடா மனநல மருத்துவமனையில் 1953-ல் டாக்டராகச் சேர்ந்தவர். 1956-ல் ராஜினாமா செய்துவிட்டு விடுதலைப் போரோடு சேர்ந்தார். மக்களைப் பைத்தியமாக்குகிற ஒரு ஆட்சியின் கீழ் இருந்துகொண்டு பைத்தியத்தைக் குணமாக்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. சரி, அதற்கப்புறம் வைத்தியத்தை விட்டுவிட்டாரா? இல்லை. துனிசியாவில் போயும் நோயாளிகளைப் பார்த்தார். 1961-ல் வந்த அவருடைய கடைசி நூலில் வன்முறையைப் பற்றிய முதல் அத்தியாயத்தை மட்டும் நாம் பிடித்துக்கொண்டோம். அந்த நூலின் பின்பகுதியில் நோயாளிகளின் கதைகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. விடுதலைக்காகக் குண்டு வைத்த ஒருவர், நாடு விடுதலையான பிறகும் வருசா வருசம் அந்தத் தேதி நெருங்கும்போது தூக்கம் இல்லாமல் தவிக்கிறார். அவருடைய போராட்டம் தப்பு என்று ஃபனான் சொல்லவில்லை. தவிப்பு பொய் என்றும் சொல்லவில்லை.

கடைசியில் மகள்தான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். அரசு மருத்துவமனை, மனநலப் பிரிவு. வாரத்தில் குறிப்பிட்ட நாள்தான். வெளியே மர பெஞ்சு. தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று முகக்கவசத்தை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அந்த விசயத்தில் மட்டும் கொரோனா எனக்கு நல்லது செய்தது. அப்போது பக்கத்தில் இருந்து ஒரு குரல்: "சார், நீங்களா?"

எங்க தெருப் பையன். இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தவன். எங்க வாசகர் வட்டத்துக்கு வருவான். ஒரு வருசமாக வருவதில்லை. செல்போன் வந்ததும் இயக்கம் மறந்துபோச்சு என்று நான் அவனைத் திட்டியிருக்கிறேன். காலேஜில் கோட்டா என்றே கூப்பிட்டார்களாம். மூணு பேப்பர் நின்றுபோனது. அறையை விட்டு வெளியே வரவே பயந்தானாம். உயிர் வேண்டாம் என்று தோன்றிய நாட்களும் இருந்ததாம்.

"எங்கிட்ட ஏண்டா சொல்லல?"

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நீங்க ரோகித் வெமுலா கூட்டத்துல பேசுனீங்க சார். நம்ம புள்ளைக கோழையாகக் கூடாது, சாக நினைக்கிறவன் அம்பேத்கர் புள்ளை இல்லன்னு. அதான் சொல்லல."

நான் பேசியதுதான். 2016 ஜனவரி 17-ல் ஐதராபாத்தில் அந்தப் பிள்ளை போனான், அடுத்த வாரம் எங்க ஊரில் கூட்டம். 2017 செப்டம்பரில் அரியலூர் அனிதா போனபோதும் கிட்டத்தட்ட அதையேதான் பேசினேன். கைதட்டல் வாங்கிய வரி அது. நம் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துப் பேசினேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளையின் வாயை அது அடைத்திருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்து 309-ஆம் பிரிவு உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவனைக் குற்றவாளி என்றது. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அப்படி முயன்றவர் கடும் மன நெருக்கடியில் இருந்தவர் என்றே கருத வேண்டும், கவனித்துப் பராமரிப்பது அரசின் கடமை என்று மாற்றிச் சொன்னது. சட்டமே இறங்கி வந்துவிட்டது. நான் மேடையில் நீதிபதியாகவே நின்றுகொண்டிருந்தேன்.

டாக்டரம்மா சின்ன வயசு. கூட்டம் அதிகம், என்னோடு பத்து நிமிசம் பேசியிருப்பார். தம்பி இறந்ததைச் சொன்னேன். வேலை வாங்கிக் கொடுத்ததையும் சொல்லிவிட்டேன், முதல் முதலாக, முன்பின் தெரியாத ஒரு பிள்ளையிடம். உங்கள் மேல் தப்பு இல்லை சார் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "அதை நினைச்சா கஷ்டமாத்தான் இருக்கும் சார்" என்றார். அது போதுமாக இருந்தது. காகித உறையில் மாத்திரை கொடுத்தார்கள். உடனே கேட்காது, ரெண்டு மூணு வாரம் ஆகும், நீங்களாக நிறுத்தக் கூடாது என்றார்கள். முதலில் வாய் வறண்டது, பகலெல்லாம் மந்தமாக இருந்தது. மூணாவது வாரம் ஒருநாள் முழித்துப் பார்த்தேன், மணி அஞ்சரை.

அந்தப் பையனும் நானும் இப்போதும் ஒரே பஸ்ஸில் போய் வருகிறோம். நின்றுபோன பேப்பரில் ரெண்டை எழுதிவிட்டான். ராத்திரி ஒரு மாதிரி இருந்தால் எனக்குப் போன் பண்ணச் சொல்லியிருக்கிறேன். நான் எடுக்காவிட்டால் 14416-க்குப் பண்ணச் சொல்லியிருக்கிறேன். 2022-ல் வந்த இலவச எண், எந்நேரமும் தமிழில் பேசுவார்கள். வாசகர் வட்டத்தில் இதை நானே எழுந்து சொன்னேன். மாத்திரை சாப்பிடுகிறேன் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் போராட்டந்தான் மருந்து என்ற அதே தோழர் செருமிக்கொண்டு, 1992-ல் லாக்கப்பில் இருந்த மூணு நாளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். இத்தனை வருசத்தில் அதை வீரக் கதையாகத்தான் கேட்டிருக்கிறோம். அன்றைக்கு வேறு மாதிரி சொன்னார்.

தம்பிக்கு மூணாவது வருச நினைவு நாள். படத்துக்கு மாலை போட்டுவிட்டு எல்லாரும் போய்விட்டார்கள். அம்மா முற்றத்தில் புளி உடைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கையை நிறுத்திவிட்டு ஒப்பாரியை எடுத்தாள். மூணு வருசமாக அவள் வாயில் இருந்து வராதது. அவன் பிறந்ததைச் சொல்லி, நடந்ததைச் சொல்லி, குப்பை வண்டி தள்ளினதைச் சொல்லி அழுதாள். ஒப்பாரியில் யாருக்கும் சலுகை கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். கூடப்பிறந்தவன் சேத்துவிட்ட வேலையாம் என்று என்னையும் சேர்த்து இழுத்தாள். நான் எழுந்து போகவில்லை. திண்ணையில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டேன். அழுதேன். பக்கத்து வீட்டுப் பொம்பளைகள் வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு கூட அழுதார்கள். ரொம்ப நேரம் ஆனது. பிறகு அம்மா மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துவிட்டு, புளியை மறுபடி இழுத்துப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ராத்திரி மாத்திரை போட்டியாய்யா?"